துயரைச் சொல்லுதல் பக்திக்குக் குறைவாகுமா?

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை நிறைவெய்தித் திருநீறும் சந்தனமும் பெற்றுக்கொண்ட அடியார்கள், கோயில் வீதியிலே சற்று நின்று ஒருவரையொருவர் நலம் விசாரிப்பது ஈழத்துச் சைவக் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். "எப்பிடி, சுகமா இருக்கிறியளே?" என்று ஒருவர் கேட்பார். "ஒண்டுமில்லை, கடவுளே எண்டு இருக்கிறம்" என்று மற்றவர் சொல்லுவார். அவ்வளவில் இருவரும் பிரிந்து தத்தம் வீட்டுக்குச் செல்வர்.

ஆனால் அந்த 'ஒண்டுமில்லை' என்ற சொல்லுக்குள்ளே எத்தனையோ அடங்கிக் கிடக்கின்றன. வெளிநாட்டிலுள்ள மகனிடமிருந்து மாதக்கணக்காக ஒரு செய்தியும் வராத தாயின் ஏக்கம் அதற்குள் இருக்கலாம். எல்லைக் காணிப் பிணக்கினால் கூடப்பிறந்தவனோடு முகம்பாராது வாழும் ஒருவரின் வேதனை இருக்கலாம். இன்னதென்றே பெயர் சொல்ல முடியாத, இரவில் நித்திரையைக் கெடுக்கின்ற வெறும் மனக்கலக்கமாகவும் அது இருக்கலாம்.

இதனைச் சொல்லலாமா, சொல்லக்கூடாதா? கிராமங்களிலே இதுபற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. வீட்டு விஷயம் வேலிக்கு வெளியே போகக்கூடாது, மானம் போய்விடும் என்பது ஒன்று. எல்லாம் அவரவர் கன்மம், அதைச் சொல்லிப் புலம்புவது இறைவன்மேல் நம்பிக்கையில்லாதவர் செயல் என்பது மற்றையது. முதலாவது மானத்தைப் பற்றியது. இரண்டாவது பக்தியைப் பற்றியது. இவ்விரண்டும் சரியானவைதாமா என்பதை ஆராய்ந்து பார்ப்பது நன்று.

அடியார்கள் காட்டிய வழி

துயரைச் சொல்லாமல் அடக்குவதே பக்தி என்றால், அந்தப் பக்தியை நாயன்மாரிடத்திலேயே காண முடியவில்லை. திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை நோக்குக. தருமசேனர் என்னும் பெயரோடு சமண சமயத்திலே தலைமை பெற்றிருந்த காலத்தில் அவரைச் சூலை நோய் பற்றியது. அங்கிருந்தவர்கள் மந்திரித்தும் மயிற்பீலியால் தடவியும் நோய் தணியவில்லை. அப்பொழுது அவர் முதலிற் செய்த காரியம் என்ன? தமக்கு உணவு சமைப்பவனைத் தமக்கையாராகிய திலகவதியாரிடம் அனுப்பித் தமது நிலைமையைச் சொல்லுவித்தார். பின்னர் இரவோடிரவாகத் தாமே சென்று அவரது காலில் விழுந்தார். திலகவதியார் திருநீறு அளித்து, விடியற்காலையிலே திருவதிகை வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற் பதிகத்திலே நாயனார் தமது வயிற்றின் வேதனையை மறைக்கவில்லை. தமது பிழையையும் மறைக்கவில்லை. நாவுக்கரசர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்ததும் அந்தச் சந்நிதியிலேதான்.

இவ்வரலாற்றிலே பலரும் கவனியாது விடுகின்ற ஒன்று உண்டு. அவர் இறைவனிடம் சொல்வதற்கு முன்பு ஒரு மனிதரிடம் சொன்னார். திலகவதியார் அவரைத் தடுத்து, "என்னிடம் ஏன் சொல்கிறாய், கடவுளிடம் போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்பவில்லை. கேட்டார், ஏற்றார், பின்பு கைபிடித்துச் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார்.

சுந்தரமூர்த்தி நாயனாரோ தம்பிரான் தோழர். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதனால் கண்பார்வை இழந்தபோது, அவர் தமது குற்றத்தை ஒப்புக்கொண்டும் பாடினார். தோழன் என்ற உரிமையோடு குறைபட்டும் பாடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறுகண்ணும் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். குறைபட்டதற்காக இறைவன் அவரை ஒதுக்கவில்லை. மாணிக்கவாசக சுவாமிகள், தம்மைக் கைவிட்டு விடாதிருக்க வேண்டி நீத்தல் விண்ணப்பம் என்றே ஒரு பகுதியை ஐம்பது பாடல்களிலே அருளியுள்ளார். அச்சத்துக்கு ஐம்பது பாடல் இடம் கொடுத்த நூலைத்தான் சைவ உலகம் தலையிலே வைத்துப் போற்றுகின்றது.

ஆகவே துயரைச் சொல்லுதல் பக்திக்குக் குறைவு என்ற கருத்துக்குச் சைவத்திலே இடமில்லை எனலாம்.

சொல் செய்கின்ற காரியம்

சொல்வதால் நோவு தீர்ந்துவிடுமா, போனவர் திரும்பி வருவாரா என்று சிலர் கேட்பர். வரமாட்டார். ஆயினும் சொல் வேறொரு காரியத்தைச் செய்கின்றது.

சைவசித்தாந்தம் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்துரைக்கும். அருணந்தி சிவாசாரியார் 13 ஆம் நூற்றாண்டிலே அருளிய சிவஞான சித்தியார் இதனை விளக்குகின்றது. பைசந்தி நிலையிலே எழுத்துகள் பிரிந்து தோன்றா. மயில் முட்டைக்குள்ளே இருக்கும் நீரில், பின்னர் தோகையிலே விரியப்போகும் நிறங்களெல்லாம் பிரிவின்றி அடங்கியிருப்பது இதற்கு உவமையாகும். மத்திமையிலே சொல் உள்ளத்தில் வடிவு பெறுகின்றது. பிறர் செவிக்குக் கேளாது. வைகரியிலேதான் அது வாய்வழி வந்து செவிக்குப் புலனாகின்றது.

மனக்கலக்கமும் இந்த முட்டைநீர் போன்றதே. கோபம், பயம், வெட்கம், இழப்பு எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்போது, மனிதனுக்குத் தெரிவதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு இருக்கிறது என்பது மட்டுமே. சொல்லத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்து தெரியவருகின்றது.

இப்படிப் பிரித்துப் பெயரிடுவதில் தமிழர் மிகப் பழமையானவர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு காரணங்களையும் கூறுகின்றது. அழுகைக்குரிய நான்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ பொருளையோ இழத்தல் இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டு வேறு நிலைக்கு ஆளாதல் அசைவு. வறுமை எல்லோரும் அறிந்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்டஞ் செய்து பத்துப் பேருக்குச் சோறு போட்ட ஒருவர், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் நிலம் பற்றைக் காடாகிவிட, இப்போது பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசிலே சீவிக்கிறார். காசுக்குக் குறைவில்லை. ஆனால் சோற்றில் உப்புக் கூடிவிட்டதென்று மனைவியை ஏசுகிறார். பேரப்பிள்ளை சத்தம் போட்டால் சினக்கிறார். வீட்டார் இதை வெகுளி என்றே எண்ணுவர். அவரும் அப்படியே எண்ணுவார். உள்ளே இருப்பதோ அசைவு. "முந்தி நான் ஆர், இப்ப நான் ஆர்" என்ற ஒரு வசனத்தை அவர் என்றைக்கு வாய்விட்டுச் சொல்கிறாரோ, அன்றைக்குத்தான் உப்பின் மேலிருந்த கோபத்துக்கு வழி அடைபடும்.

தமிழ்மொழியின் அமைப்பே இதற்கு உதவி செய்கின்றது. தமிழிலே யாரும் 'நான் கோபம்' என்று சொல்வதில்லை. 'எனக்குக் கோபம் வருகிறது', 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்றே சொல்கிறோம். கோபம் ஒரு பக்கம். அது வந்து சேர்கின்ற ஆள் இன்னொரு பக்கம். 'எனது உடல்' என்று சொல்வதனால் உடலுக்கு வேறாக ஆன்மா உண்டு என்று சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் நிறுவுகின்றது. அவ்வாறே 'எனது துயர்' என்று சொல்லக் கற்றவன், துயருக்கு வேறாகத் தான் ஒருவன் இருப்பதை உணர்கிறான். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. சொல்லப்படாத துயரைச் சார்ந்து கிடக்கும்போது அது துயராகவே ஆகிவிடுகின்றது.

முன்னோர் அமைத்த வழிகள்

முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்பதற்கு மரணச் சடங்குகளே சான்று. செத்தவீட்டிலே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். ஒருவர் வீட்டு இழவிலே தம் வீட்டு இழவையும் சேர்த்து அழுவர். அதை யாரும் பிழையாகக் கொள்வதில்லை. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கல்வெட்டு வெளியிடுவர். அதிலே மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று உறவுமுறைப்படி துயரம் பாட்டாக்கப்பட்டிருக்கும். பாடியவர் ஊர்ப் புலவராக இருக்கலாம். சொந்தச் சொல் இல்லாதவருக்கு இன்னொருவர் சொல் இரவல் கொடுக்கிறார். கோயிலிலே ஓதப்படும் திருமுறையும் இவ்வகையில் பெரிய உதவியே. தமக்குச் சொல் வராதவர், அப்பர் சுவாமிகளின் சொல்லை எடுத்துத் தம் துயரை அதிலே ஏற்றலாம்.

ஆனால் இந்த வழிகள் அடைபட்ட வீடுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோளிலே உடல் கிடைக்காமற் போனவர்களின் வீடுகள், 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே காணாமற்போனவர்களின் வீடுகள் அத்தகையன. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு ஒப்பாரி வைக்க வாய் வராது. அந்தியேட்டி செய்யக் கை வராது. கல்வெட்டு அச்சிட முடியாது. பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமலே எத்தனையோ பெண்கள் ஆண்டுகளைக் கழித்துள்ளனர். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமற்போனோரின் உறவினர்கள் படங்களை ஏந்தித் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அதன் அரசியல் ஒருபுறமிருக்க, சடங்கு இல்லாத துயரம் தன்னைச் சொல்வதற்குக் கோயில் வாசலைத் தேடி வந்தது என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது. இவ்வாறானவர்களை நோக்கி, "நடந்ததை மறவுங்கோ" என்று சொல்வது இலகு. மறப்பதற்கும் முதலில் ஒரு முடிவு தெரிய வேண்டும். தெரியாதவிடத்து, போன பிள்ளையைப் பற்றிப் பேச இடங்கொடுப்பதே மனிதர் செய்யக்கூடிய உதவியாகும்.

எல்லாச் சொல்லும் ஆற்றுமா?

துயரைச் சொல்வது நன்று என்றால், வாயில் வந்ததெல்லாம் சொல்லலாமா? அல்ல. மொட்டைப் பெட்டிசம் எழுதுபவரும் தம் மனக்கொதிப்பையே சொல்லாக்குகிறார். ஆனால் அதில் தன் பெயர் இல்லை. தன் நோவும் இல்லை. மற்றவன் செய்த குற்றம் மட்டுமே உண்டு. எழுதி முடித்தபின் அவருக்கு ஆறுதல் வருவதில்லை. அடுத்த பெட்டிசம் எழுதும் எண்ணமே வருகின்றது. புறங்கூறாமைக்கென வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வைத்தமை இதனாலேயாம்.

முற்காலத்தில் கச்சேரி வாசலிலே மரநிழலில் இருந்து மனு எழுதிக் கொடுப்போர் இருந்தனர். ஏழை ஒருவர் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வருவார். எழுதுபவர், "ஐயா, ஆறுதலாய்ச் சொல்லுங்கோ. என்ன நடந்தது? எப்ப நடந்தது? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். இந்த மூன்று கேள்விக்கும் விடை சொல்லி முடிப்பதற்குள் வந்தவரின் நடுக்கம் பாதி தணிந்துவிடும். மனு மேலிடத்துக்குப் போய்ச் சேருமுன்பே நடக்கின்ற காரியம் இது. உள்ளத் துயருக்கும் இந்த மூன்று கேள்விகள் போதும். குறிப்பாக மூன்றாவது கேள்வி கடினமானது. தம்பியோடு வழக்காடுபவருக்கு உண்மையிலே வேண்டியது இரண்டு பரப்புக் காணியா, அல்லது தம்பி பழையபடி "அண்ணை" என்று கூப்பிடுவதா? தன்னைத்தானே கேட்டாலன்றி இதற்கு விடை கிடையாது.

சொல்ல ஆளில்லாதவர் எழுதலாம். அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986 இல் வெளியிட்ட ஓர் ஆய்விலே, பல்கலைக்கழக மாணவர்கள் தம் வாழ்வின் பெருந்துயர் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாட்கள் எழுதினர். நடந்ததையும் அதனால் தாம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய உடனே முன்னிலும் கவலையுற்றனர். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் வைத்தியரை நாடியது மற்றவர்களிலும் குறைவாக இருந்தது. கிணறு கலக்கி இறைத்தவர்களுக்கு இது புதுமையன்று. சேறு அள்ளும்போது நீர் கலங்கும். இறைத்து முடிந்தபின் ஊற்றுத் திறந்து தெளிந்த நீர் வரும். பிள்ளைகள் எழுதி மிச்சம் விட்ட பழைய கொப்பி ஒன்று போதும். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. விரும்பினால் அடுப்பிலே போட்டுவிடலாம்.

கேட்பவர் கடமை

சொல்பவருக்குள்ள கடமையிலும் கேட்பவருக்குள்ள கடமை பெரிது. கிராமத்திலே பலர் வாய் திறவாதிருப்பது துயர் இல்லாமையினால் அன்று. சொன்னது நாளைக்குக் கிணற்றடிக்கும் சந்தைக்கும் போய்விடும் என்ற பயத்தினாலேயே. ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பது, கோயிற் பண்டாரத்திலே போட்ட காணிக்கையைக் காப்பது போன்றது. அதில் ஒரு சதமேனும் வெளியே போகக்கூடாது.

கேட்பவர் உடனே புத்தி சொல்லத் தொடங்குவதும் தவறு. "எல்லாம் உன்ரை கன்மம்" என்று சொல்வது அதனிலும் பெருந்தவறு. கன்மக் கொள்கை தன்னைத் தான் திருத்திக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. அழுகின்ற இன்னொருவரின் வாயை மூடுவதற்காக அன்று. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சிறுவயதிலேயே பழக்குவதும் இத்தகையதே. அப்படிப் பழகியவர்களுட் சிலர், அழ வேண்டிய வயதிலே சாராயத்தை நாடுவதைக் கண்கூடாகக் காணலாம்.

இதிலே உயிரே தங்கியிருக்கும் நேரங்களும் உண்டு. 1995 இல் இலங்கையிலே ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 2005 அளவில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. இதிலிருந்து அறியப்படுவது யாதெனில், அந்தக் கொடிய வேளை கடந்துவிட்டால் மனிதன் வாழவே விரும்புகிறான் என்பதாம். அந்த வேளையைக் கடத்திவிட ஒரு மனிதரின் செவி உதவும். "உயிரை விட நினைக்கிறியோ?" என்று அன்போடு நேரே கேட்பதனால் தீங்கு வராது. ஊரிலே சொல்லக் கூசுபவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கமும், 1974 முதல் கேட்பதையே தொண்டாகக் கொண்டு இயங்கும் சுமித்ரயோ அமைப்பும் உள்ளன. நித்திரையின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி நம்பிக்கைக் குறைவாகாதோ, அப்படியே இதுவும் ஆகாது.

சும்மா இருத்தல்

இறுதியாக ஓர் ஐயம் எழலாம். சும்மா இருத்தலே பெருநிலை என்று ஞானியர் கூறியிருக்க, சொல்லிச் சொல்லி ஆறுவது கீழ்நிலை அன்றோ? மௌனத்தை நாடிய தாயுமான சுவாமிகள், அதை அடையமுடியாமல் தம் மனம் படும் பாட்டை எத்தனையோ பாடல்களிலே முறையிட்டார். கொழும்புத்துறையிலே வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872 - 1964) சும்மா இருக்கும்படி உபதேசித்தவர். எனினும் அவரது கொட்டிலுக்கு வந்து தம் குறைகளைச் சொன்னவர்கள் கணக்கிலர். அவர் பாடியவையும் நற்சிந்தனை என்ற நூலாக நிலைத்துள்ளன. எல்லாம் சொல்லித் தீர்ந்தபின் வருகின்ற மௌனம் வேறு. பயத்தினாலும் வெட்கத்தினாலும் வாய் அடைபட்டுக் கிடக்கின்ற மௌனம் வேறு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு வேறுபாடு தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வீதியிலே நலம் விசாரிக்கும்போது, "ஒண்டுமில்லை" என்ற விடை வந்தால் உடனே விலகிப் போகாமல் இன்னும் சற்று நேரம் அவ்விடத்திலே நிற்க அடியார்கள் பழக வேண்டும். "உண்மையாவோ?" என்று மெதுவாக ஒருமுறை கேட்டால் போதும். சொல்ல விரும்பினால் அவர் சொல்லட்டும். விரும்பாவிட்டால், கேட்க ஓர் ஆள் உண்டு என்ற எண்ணத்தோடாவது வீடு போய்ச் சேரட்டும். சொல்பவருக்கு உண்மையையும், கேட்பவருக்குப் பொறுமையையும், இருவருக்கும் மனச்சாந்தியையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.